அழைப்பது அரசு, கதவைத் திறப்பது அவை

கேள்வி இதுதான்: வெளிநாட்டு அதிபர் ஒருவர் வரும்போது "நாடாளுமன்றத்தில் உரையாற்றுவார்" என்று செய்தி வருகிறதே, அவரை அங்கே அழைப்பது யார்? அது கூட்டுக் கூட்டமா? எம்.பி.க்கள் கேள்வி கேட்கலாமா? இதற்காக நாடாளுமன்றம் அப்படி என்னதான் ஏற்பாடு செய்கிறது?

டெல்லியில் பல ஆண்டுகள் நாடாளுமன்றச் செய்தி எழுதியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். பலர் இதை வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அரசு வேறு, நாடாளுமன்றம் வேறு என்பது நம் கண்ணுக்குத் தெரிகிற நாட்கள் மிகக் குறைவு. இந்த வரவேற்பு அந்த நாட்களில் ஒன்று.

முதலில் கூட்டுக் கூட்டம் என்ற சொல்லைத் தீர்த்துவிடுவோம். 2010 நவம்பர் 8 மாலை, அமெரிக்க அதிபர் ஒபாமா நாடாளுமன்ற மைய மண்டபத்தில் பேசினார். கூட்டுக் கூட்டம் என்றுதான் அன்று பலரும் சொன்னார்கள், எழுதினார்கள். ஆனால் அந்த ஆண்டின் குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்கியதே மறுநாள், நவம்பர் 9 அன்று. ஒபாமா பேசிய நாளில் மக்களவையும் கூடவில்லை, மாநிலங்களவையும் கூடவில்லை. அவைகளே கூடாத நாளில் கூட்டுக் கூட்டம் எங்கிருந்து வரும்?

அரசியல் சட்டத்தில் கூட்டுக் கூட்டம் என்பதற்குத் தனிப் பொருள் உண்டு. ஒரு மசோதாவில் இரு அவைகளும் ஒத்துப்போகாமல் முட்டுக்கட்டை விழுந்தால், 108-வது பிரிவின்படி குடியரசுத் தலைவர் இரண்டையும் சேர்த்துக் கூட்டலாம். இதுவரை மூன்றே முறைதான் அப்படி நடந்திருக்கிறது. 1961-ல் வரதட்சணைத் தடுப்பு மசோதா, 1978-ல் வங்கிப் பணியாளர் தேர்வாணையத்தை நீக்கும் மசோதா, 2002-ல் பயங்கரவாதத் தடுப்புக்கான பொடா மசோதா. இது தவிர, பொதுத் தேர்தலுக்குப் பிந்தைய முதல் கூட்டத்தொடரிலும், ஒவ்வொரு ஆண்டின் முதல் கூட்டத்தொடரிலும் குடியரசுத் தலைவர் இரு அவை உறுப்பினர்களுக்கும் சேர்த்து உரையாற்றுவார். அது 87-வது பிரிவு.

வெளிநாட்டுத் தலைவரின் உரை இந்த இரண்டிலும் சேராது. "நாடாளுமன்ற உறுப்பினர்களிடையே உரை" என்பதுதான் அதற்குச் சரியான பெயர். கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, பார்க்க மாட்டார்கள். தீர்மானம், வாக்கெடுப்பு, கேள்வி எதுவும் கிடையாது. ஒருவர் வரவேற்பார், விருந்தினர் பேசுவார், இன்னொருவர் நன்றி சொல்வார். எம்.பி.க்கள் செய்யக்கூடியது மூன்றுதான்: கைதட்டலாம், தட்டாமல் இருக்கலாம், வராமலே இருந்துவிடலாம். இந்த மூன்றாவதற்கு எவ்வளவு கனம் என்று பிறகு சொல்கிறேன்.

அமெரிக்காவிலும் இந்தப் பிரிவினை உண்டு. அங்கே அதிபர் வந்து பேசினால் அது கூட்டு அமர்வு. வெளிநாட்டுத் தலைவர் பேசினால் இரு அவைகளும் தங்கள் வேலையை ஒத்திவைத்துவிட்டு வந்து உட்காரும் வேறொரு வகைச் சந்திப்பு. அதற்குப் பெயரே தனி. 1949 அக்டோபரில் நேரு வாஷிங்டன் போனபோது அதுவும் முடியவில்லை. கட்டட மராமத்துக்காக இரு அவைகளும் தங்கள் அறைகளைக் காலி செய்துவிட்டு வேறு சிறிய இடங்களில் கூடிக்கொண்டிருந்தன. நேரு ஒரே நாளில் பிரதிநிதிகள் சபையில் ஒரு முறை, செனட்டில் ஒரு முறை என்று தனித்தனியாகப் பேசினார்.

சரி, அழைப்பது யார்?

பயணத்தை ஏற்பாடு செய்வது அரசு. நிகழ்ச்சி நிரலில் நாடாளுமன்ற உரை இருக்க வேண்டும் என்ற யோசனை பெரும்பாலும் இரு நாட்டு வெளியுறவு அமைச்சகங்களும் பேசிக்கொள்ளும்போதே பிறக்கும். ஆனால் அந்த மண்டபம் அமைச்சகத்தின் சொத்து கிடையாது. மாநிலங்களவைத் தலைவரும் மக்களவை சபாநாயகரும் இசைந்தால்தான் நடக்கும். உறுப்பினர்களுக்கு அழைப்பு போவதும் இரு அவைச் செயலகங்களிலிருந்துதான். வழக்கமாக இதில் சிக்கல் வராது, ஏனென்றால் அவையில் பெரும்பான்மை அரசுக்குத்தான் இருக்கும். அந்தப் பெரும்பான்மை கடன் வாங்கியதாக இருந்தால்தான் கதை மாறும்.

2006 மார்ச்சில் அது நடந்தது. ஜார்ஜ் புஷ் டெல்லி வந்தார். அணுசக்தி உடன்பாட்டுக்கு வழி திறந்த பயணம் அது. மன்மோகன் சிங் அரசுக்கு அதைவிட முக்கியமான விருந்தினர் அந்த ஆண்டில் வேறு யாரும் இல்லை. நாடாளுமன்றத்தில் பட்ஜெட் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது, உறுப்பினர்கள் ஊரில்தான் இருந்தார்கள். ஆனாலும் புஷ் நாடாளுமன்றத்தில் பேசவில்லை. அரசை வெளியிலிருந்து தாங்கிக்கொண்டிருந்தவை இடதுசாரிக் கட்சிகள், சுமார் 60 எம்.பி.க்கள். இராக் போரை நடத்தியவர் இந்த அவையில் பேசக் கூடாது என்பது அவர்கள் நிலைப்பாடு. மண்டபத்துக்குள் முழக்கம் எழுந்தால் விருந்தினருக்கும் அவமானம், அழைத்தவருக்கும் அவமானம். கடைசியில் மார்ச் 3 மாலை புராணா கிலா கோட்டையின் இடிந்த சுவர்களுக்கு முன்னால் மேடை போட்டு, அழைக்கப்பட்ட கூட்டத்துக்கு முன்னால் அவர் பேசினார். விளக்கு வெளிச்சத்தில் கோட்டை அழகாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த இடம் ஏன் தேர்வானது என்பது மறந்திருக்கும்? கதவு திறக்காததும் ஒரு செய்திதான். அதை நாட்டின் சார்பில் சொன்னது சிறுபான்மையாக இருந்த ஒரு கூட்டம்.

இதில் எனக்குக் கட்சி சார்ந்த கருத்து எதுவும் இல்லை. புஷ் பேசியிருக்க வேண்டுமா கூடாதா என்பது வேறு விவாதம். அவைக்கு அந்தத் தெரிவு இருந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

பிரிட்டனில் இந்தக் கதவுக்கு உண்மையாகவே சாவி உண்டு, அதுவும் மூன்று. நாடாளுமன்ற வளாகத்திலுள்ள வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் 1097-ல் கட்டத் தொடங்கியது. முதலாம் சார்லஸ் மன்னருக்கு மரண தண்டனை விதித்த விசாரணை நடந்த இடம். தாமஸ் மோர் தீர்ப்புக் கேட்ட இடம். அங்கே ஒரு வெளிநாட்டவர் பேச வேண்டுமானால் கீழவையான காமன்ஸின் சபாநாயகர், மேலவையான பிரபுக்கள் சபையின் சபாநாயகர், அரண்மனையின் சார்பில் மகா சேம்பர்லைன் என்ற பதவியில் இருப்பவர் ஆகிய மூவரும் இசைய வேண்டும். "சாவி வைத்திருப்பவர்கள்" என்றே இவர்களைச் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பட்டியல் சின்னது. 1960-ல் டி கால், 1996-ல் மண்டேலா, 2010-ல் போப் பதினாறாம் பெனடிக்ட், 2011-ல் ஒபாமா, 2012-ல் ஆங் சான் சூ கி, 2023-ல் ஜெலன்ஸ்கி ஆகியோர் அதில் இருக்கிறார்கள்.

1982-ல் அமெரிக்க அதிபர் ரீகனை இந்த மண்டபத்தில் பேசவைக்கத்தான் முதலில் எண்ணினார்கள். எதிர்க்கட்சியான தொழிற்கட்சி ஒப்பவில்லை. அதனால் பக்கத்திலுள்ள அரச காட்சிக்கூடத்தில் பேசினார். அந்தக் கூடத்தின் இரு பக்கச் சுவர்களிலும் இரண்டு பிரம்மாண்டமான ஓவியங்கள் இருக்கின்றன. ஒன்று டிரஃபால்கர், இன்னொன்று வாட்டர்லூ. இரண்டுமே பிரான்ஸ் தோற்ற போர்கள். பிரெஞ்சு அதிபர்கள் மித்தராந்த், சார்கோசி, மக்ரோன் எல்லோரும் அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் நட்பைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். விருந்தாளிக்காகச் சுவரை மாற்ற முடியாது. சுவரைப் பார்த்துக்கொண்டே பேசத் தெரிந்தவர்தான் நல்ல விருந்தாளி.

2017 பிப்ரவரி 6 அன்று காமன்ஸ் சபாநாயகர் ஜான் பெர்கோ, டிரம்ப் அந்த மண்டபத்தில் பேசுவதைத் தான் எதிர்ப்பதாக அவையில் எழுந்து அறிவித்தார். இரு அவைகளிலும் பேசுவது தானாகக் கிடைக்கும் உரிமை கிடையாது, ஈட்ட வேண்டிய கௌரவம் என்றார். பிரதமர் தெரசா மே அதற்குச் சில நாட்கள் முன்புதான் டிரம்பை அரசுமுறைப் பயணத்துக்கு அழைத்திருந்தார். பெர்கோ வரம்பு மீறினார் என்று அவரது கட்சிக்காரர்களே கோபப்பட்டார்கள். பிரபுக்கள் சபை சபாநாயகர், தன்னிடம் கலந்து பேசவில்லையே என்றார். என் கருத்தைக் கேட்டால், முடிவைவிட அறிவித்த விதத்தில்தான் பிழை இருந்தது. மூன்று சாவிகள் இருக்கும்போது ஒருவர் மட்டும் கதவைச் சாத்தியதாக அறிவிப்பது முறையாகாது. ஆனால் சாவி பிரதமரிடம் இல்லை என்று அன்று உலகமே தெரிந்துகொண்டது. 2019-ல் டிரம்ப் அரசுமுறைப் பயணமாக வந்தார், நாடாளுமன்றத்தில் பேசவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2015 மார்ச் 3 அன்று இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு அமெரிக்க காங்கிரஸில் பேசினார். அழைத்தவர் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் ஜான் பேனர். வெள்ளை மாளிகையைக் கேட்காமலே அழைத்தார். அதிபர் ஒபாமா நடத்திக்கொண்டிருந்த இரான் பேச்சுவார்த்தையை எதிர்த்து, அவர் நாட்டு அவையிலேயே வெளிநாட்டுப் பிரதமர் ஒருவர் பேசினார். ஜனநாயகக் கட்சியினர் 50-க்கும் மேற்பட்டோர் வரவில்லை. சாவி அவையிடம் இருப்பது நல்லதுதான். அதையே உள்ளூர்ச் சண்டைக்கு ஆயுதமாக எடுத்தால் அவையின் மதிப்புத்தான் குறையும்.

இனி ஏற்பாடுகளுக்கு வருகிறேன். எங்கே தொடங்குவார்கள் தெரியுமா? நாற்காலியில்.

மைய மண்டபம் வட்டமானது, மேலே 98 அடி விட்டமுள்ள குவிமாடம். 1927-ல் கட்டடம் திறந்தபோது அது நூலகமாக இருந்தது. 1946-ல் அரசியல் நிர்ணய சபைக்காக அதை அவையாக மாற்றினார்கள். 1946 டிசம்பர் 9 முதல் 1950 ஜனவரி 24 வரை நம் அரசியல் சட்டம் உருவானது அங்கேதான். 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவும் அங்கேதான். ஆனால் அதில் இருக்கைகள் சுமார் 440. 2010-ல் இரு அவைகளின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கை 790. எல்லோரும் வந்தால் பாதிக்கும் கொஞ்சம் கூடுதலானவர்களுக்குத்தான் பெஞ்சு கிடைக்கும். நடைபாதையிலும் ஓரங்களிலும் தனி நாற்காலிகள் போட்டாக வேண்டும். போட்டால் வழி குறுகும், வழி குறுகினால் பாதுகாப்புக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அமைச்சர்களுக்கு எந்த வரிசை, கட்சித் தலைவர்களுக்கு எந்த வரிசை, முன்னாள் பிரதமர்கள் எங்கே, வெளிநாட்டுத் தூதர்கள் எங்கே என்று வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அமெரிக்காவில் பிரச்சினை நேர்மாறானது. அங்கே உறுப்பினர்கள் வராமல் போன இருக்கைகள் தொலைக்காட்சியில் காலியாகத் தெரியக் கூடாது என்று அலுவலக உதவியாளர்களை அழைத்து உட்காரவைப்பது உண்டு.

ஒருமுறை மைய மண்டபத்தில் நடந்த ஒத்திகையைப் பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைத்தது. எந்த விருந்தினருக்காக என்பது இங்கே வேண்டாம். சாதாரண நாட்களில் அது எம்.பி.க்களும் மூத்த செய்தியாளர்களும் காபியும் டோஸ்ட்டுமாக வம்பளக்கிற இடம். அன்று ஒரு கோப்பையைக்கூடக் காணோம். விருந்தினரின் உயரம் உள்ள ஓர் அதிகாரியைப் பிடித்து, பேச்சு மேஜைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். அவர் ஒரே காகிதத்தைத் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தார். மைக்கை அரை விரற்கடை இறக்கினார்கள். பிறகு ஏற்றினார்கள். விளக்கு அவர் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது, அதை நகர்த்தினார்கள். இன்னொருவர் கையில் கடிகாரத்தோடு வாசலிலிருந்து மேடை வரை நடந்தார். திரும்பிப் போய் மறுபடி நடந்தார், இந்த முறை மெதுவாக. "பெரியவருக்கு வயசாச்சு, படியில நிதானமாத்தான் ஏறுவார், பத்து செகண்ட் கூட்டிக்கோங்க" என்று ஒருவர் சொல்ல, குறித்துக்கொண்டார்கள். கம்பளத்தின் விளிம்பு ஓரிடத்தில் தூக்கிக்கொண்டிருந்தது. வயதான ஊழியர் ஒருவர் குந்தி உட்கார்ந்து அதை உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பார்த்து, திருப்தி இல்லாமல், ஊசி நூல் கொண்டுவரச் சொல்லித் தைத்தார். மறுநாள் அந்த இடத்தைத் தாண்டிப் போன அத்தனை பெரிய மனிதர்களில் யாருக்கும் அந்தத் தையல் தெரிந்திருக்காது. எனக்கு மட்டும் கண் அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாடாளுமன்ற வளாகத்துக்குள் வெகுகாலம் காவல் பார்த்தது அவையின் சொந்த ஊழியர்கள். வாட்ச் அண்ட் வார்டு என்ற பெயரை 2009-ல் நாடாளுமன்றப் பாதுகாப்புப் பிரிவு என்று மாற்றினார்கள். 2024 முதல் பெரும்பகுதிப் பொறுப்பு மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையான சி.ஐ.எஸ்.எஃப். கையில். 2001 டிசம்பர் 13 தாக்குதலுக்குப் பிறகு எல்லாமே இறுகிப்போனது. அமெரிக்க அதிபர் என்றால் சீக்ரெட் சர்வீஸ் ஆட்கள் முன்கூட்டியே வந்து ஒவ்வொரு கதவையும் பார்ப்பார்கள். அவர்கள் கேட்கிற எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட முடியாது. தன் சொந்த அவைக்குள் போக ஓர் எம்.பி. எத்தனை முறை சோதனைக்கு நிற்பார் என்பது உறுப்பினர் உரிமை சம்பந்தப்பட்ட விஷயம்.

ஒபாமா வந்தபோது புதிதாக ஒன்று சேர்ந்தது: பேச்சாளருக்கு முன்னால் கண்ணாடித் தகட்டில் வரிகள் ஓடும் டெலிபிராம்ப்டர். மைய மண்டபத்துக்கு அதுவே முதல் முறை என்று அப்போது பேசிக்கொண்டார்கள். மொழி இன்னொரு வேலை. பிரெஷ்னேவும் கோர்பச்சேவும் 1980-களில் அங்கே பேசியது ரஷ்ய மொழியில். மொழிபெயர்ப்பாளருக்கு உரை முன்னதாகக் கிடைத்தால் பாதிக் கவலை தீரும். ஆனால் பெரிய தலைவர்கள் கடைசி நிமிடம் வரை திருத்திக்கொண்டே இருப்பார்கள். கையில் இருக்கும் பழைய பிரதியை நம்பி வாசித்துக்கொண்டே போய், காதில் வேறு வாக்கியம் விழும்போது அந்த மனிதர் படும் பாடு எனக்குத் தெரியும்.

எவ்வளவு ஏற்பாடு செய்தாலும் கைக்குள் அடங்காதவர்கள் உறுப்பினர்கள்தான். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். 2000 மார்ச் 22 அன்று கிளிண்டன் பேசி முடித்ததும் கைகுலுக்க எம்.பி.க்கள் முண்டியடித்த காட்சி பலருக்கு நினைவிருக்கும். பொக்ரான் சோதனைக்கு இரண்டே ஆண்டு கழித்து, அணு ஆயுதம் பற்றி நமக்குப் பிடிக்காததையும் நேராகச் சொல்லிவிட்டுத்தான் அவர் உரையை முடித்தார். அப்படியும் அவ்வளவு நெரிசல். மக்கள் பிரதிநிதிகள் ஒரு வெளிநாட்டு அதிபரின் கைக்காக முந்திக்கொண்டது அன்று எனக்கு வருத்தமாக இருந்தது, இன்றும் அப்படித்தான்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இதைவிடக் கடினமானது, சட்டப்படியும் சுவாரசியமானது. 2003 அக்டோபர் 23 அன்று புஷ், மறுநாள் சீன அதிபர் ஹு ஜின்டாவ். அடுத்தடுத்த நாட்களில் இருவரும் கான்பெர்ராவில் இரு அவைகள் முன்னால் பேசினார்கள். புஷ் பேசும்போது பசுமைக் கட்சி செனட்டர்கள் பாப் பிரவுனும் கெர்ரி நெட்டிலும் குறுக்கிட்டுக் குரல் எழுப்பினார்கள். சபாநாயகர் வெளியேறச் சொன்னார். அவர்கள் அசையவில்லை. பேச்சுரிமை தனக்குப் பிடிக்கும் என்று புஷ் சொல்லிவிட்டு உரையைத் தொடர்ந்தார். உரை முடிந்ததும் இருவரையும் 24 மணி நேரம் இடைநீக்கம் செய்தார்கள். அதனால் மறுநாள் ஹு ஜின்டாவ் பேசும்போது அவர்களால் உள்ளே வர முடியவில்லை. அவர்கள் அழைத்திருந்த திபெத்திய விருந்தினர்களையும் திறந்த பார்வையாளர் மாடத்தில் விடாமல், கண்ணாடி அடைத்த மாடத்துக்கு அனுப்பினார்கள்.

அப்போதுதான் கேள்வி எழுந்தது. பிரதிநிதிகள் சபையின் சபாநாயகருக்கு ஒரு செனட்டரை வெளியேற்ற என்ன அதிகாரம்? அவர் வேறொரு அவையின் உறுப்பினர் அல்லவா? இரண்டு அவைகள் சேர்ந்து உட்காரும்போது யாருடைய விதி செல்லும்? அந்தத் தலைவலிக்குப் பிறகு முறையையே மாற்றினார்கள். இப்போது வெளிநாட்டுத் தலைவர் வந்தால் அது பிரதிநிதிகள் சபையின் அமர்வு மட்டுமே. செனட்டர்கள் அங்கே விருந்தினராக வந்து உட்காருகிறார்கள். ஒரு நாள் குறுக்கீடு ஒரு நாட்டின் அவை நடைமுறையைத் திருத்திவிட்டது.

மாடம் என்றதும் கனடாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2023 செப்டம்பர் 22 அன்று உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி ஒட்டாவாவில் பேசினார். உரை முடிந்ததும் சபாநாயகர் அந்தோணி ரோட்டா, மாடத்தில் இருந்த 98 வயது முதியவர் ஒருவரைக் காட்டி, இரண்டாம் உலகப் போரில் ரஷ்யரை எதிர்த்துப் போரிட்ட வீரர் என்று அறிமுகப்படுத்தினார். மொத்த அவையும் எழுந்து நின்று கைதட்டியது. அந்தப் போரில் ரஷ்யரை எதிர்த்து நின்றவர்கள் யார் பக்கம் இருந்திருப்பார்கள் என்று ஒரு நொடி யாரும் யோசிக்கவில்லை. அவர் நாஜிகளின் எஸ்.எஸ். படைப்பிரிவு ஒன்றில் இருந்தவர். கைதட்டியவர்களில் ஜெலன்ஸ்கியும் ஒருவர், அவர் யூதர். நான்கே நாளில் ரோட்டா பதவி விலகுவதாக அறிவித்தார். வாசலில் சோதனைக் கருவி இருந்தது, துப்பாக்கி ஏந்திய காவல் இருந்தது. மாடத்துப் பட்டியலில் ஒரு பெயருக்கு எதிரே அவர் யார் என்று விசாரித்து எழுத ஆள் இல்லாமல் போனது. விருந்தினரை அழைப்பது அவையின் உரிமை என்றால் அதன் பிழையும் அவையின் தலையில்தான் விழும். ரோட்டா பழியைப் பிரதமர் மீது போடாமல் தானே ஏற்றுக்கொண்டார். அந்த அளவில் அவரை நான் மதிக்கிறேன்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். விருந்து மண்டபத்தில் பேசினால் போதாதா?

போதாது. அரசு விருந்தில் சொல்கிற சொல்லை எதிர்க்கட்சிக்காரர் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. அவையில் சொன்னால் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னதாக ஆகிறது; நாளை ஆட்சி மாறினாலும் அந்தச் சொல் நிற்கும். ஐ.நா. பாதுகாப்பு சபையில் இந்தியா நிரந்தர உறுப்பினராவதைத் தான் எதிர்நோக்குவதாக ஒபாமா சொன்னது இந்த மண்டபத்தில். கைதட்டல் அடங்கவே நேரமானது. அதே உரையில், மியான்மர் போன்ற இடங்களில் மனித உரிமை நசுக்கப்படும்போது உலக அரங்குகளில் இந்தியா பல நேரம் ஒதுங்கிப்போகிறது என்றும் முகத்துக்கு நேராகச் சொன்னார். அதற்கு யாரும் கைதட்டவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தவர் பாராட்டினாலும் குறை சொன்னாலும் உட்கார்ந்து கேட்பது நம் ஊரில் புதிதா என்ன?

பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது 1955 நவம்பரில் சோவியத் தலைவர்கள் புல்கானினும் குருஷ்சேவும் நம் எம்.பி.க்கள் முன்னால் பேசினார்கள். நான்கு ஆண்டு கழித்து, 1959 டிசம்பர் 10 அன்று அமெரிக்க அதிபர் ஐசனோவர் பேசினார். ஒருவரை ஒருவர் அணுகுண்டால் அச்சுறுத்திக்கொண்டிருந்த இரு தரப்பும் நம் அவைக்கு வந்து, நம் உறுப்பினர்களைப் பார்த்துப் பேசிவிட்டுப் போயின. அணிசேராமை பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். அந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் அது எனக்கு முழுசாகப் பிடிபட்டது.

இப்போது நம் நாடாளுமன்றம் புதிய கட்டடத்துக்குப் போய்விட்டது. அங்கே மைய மண்டபம் கிடையாது. மக்களவை அறையில் 888 இருக்கைகள், தேவைப்பட்டால் 1,280 பேர் வரை உட்காரலாம். 440 நாற்காலியோடு மல்லுக்கட்டிய அந்தப் பழைய கவலை இனி இல்லை. பழைய கட்டடத்துக்கு 2023-ல் சம்விதான் சதன் என்று பெயர் வைத்து, விழாக்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். வெளிநாட்டு அதிபர் வந்தால் பழைய மண்டபத்திலேயே பேசவைக்க வேண்டும் என்பது என் ஆசை. நெரிசலாக இருந்தால் இருக்கட்டும். காந்தி, திலகர், ராஜாஜி ஓவியங்களுக்கு நடுவில், அரசியல் சட்டத்தை வரி வரியாக விவாதித்த பெஞ்சுகளைப் பார்த்து ஒருவர் பேசும்போது, தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. மேடையில் யார் முன்னால் என்பது புரோட்டோகால்காரர்கள் தூக்கம் கெட்டு யோசிக்கிற விஷயம். நம் நாட்டு முன்னுரிமைப் பட்டியலில் குடியரசுத் துணைத் தலைவர் 2-ம் இடம், பிரதமர் 3-ம் இடம், மக்களவை சபாநாயகர் 6-ம் இடம். 2010-ல் மேடையில் இந்த மூவருமே இருந்தார்கள்: மாநிலங்களவைத் தலைவர் என்ற முறையில் ஹமீத் அன்சாரி, பிரதமர் மன்மோகன் சிங், சபாநாயகர் மீரா குமார். பட்டியல்படி பார்த்தால் பிரதமருக்குப் பிறகுதான் சபாநாயகர். உலகின் வலிமை மிக்க பதவியில் இருந்தவர், எதிரே கண்ணாடியில் ஓடிய எழுத்தைப் பார்த்தபடி தன் உரையை எப்படித் தொடங்கினார் என்று பதிவில் கேட்டுப் பாருங்கள். முதலில் துணைத் தலைவரை விளித்தார், அடுத்து சபாநாயகரை, அதன் பிறகுதான் பிரதமரை.